பெரிய பைக்குக்கு ஆயில்: கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள்

"இருக்கிறதிலேயே விலை கூடின ஆயில்தாண்ணே ஊத்துனேன், அப்புறம் ஏன் கிளட்ச் ஸ்லிப் ஆகுது?" பட்டறையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் வண்டியை உயிராக வைத்திருப்பவர்கள்தான்.

அண்மையில் வந்த ராயல் என்ஃபீல்டு 650 ஒன்றில், ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறுகிறது, வேகம் கூடவில்லை. கிளட்ச் கேபிளில் ஃப்ரீ பிளே (லிவரில் இருக்க வேண்டிய சின்னத் தளர்வு) சரியாக இருந்தது. என்ன ஆயில் என்று கேட்டால், வீட்டுக் காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெட்டிக், அதாவது முழுக்க செயற்கை ஆயில்.

காரில் என்ஜின் ஆயில் என்ஜினோடு சரி. கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். இன்றைய பைக்குகள் பெரும்பாலானவற்றில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அதில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். மைலேஜுக்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது பிளேட்டில் படிந்தால் பிடிப்பு போயிற்று. கேனில் இருக்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அந்தக் கேன் பைக்குக்கு வேண்டாம்.

இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ (அந்நாட்டு வாகனத் தர அமைப்பு) டி903 தரம் வந்தது. எம்ஏ என்றால் ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு. எம்பி உராய்வு குறைந்தது, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. 2006இல் எம்ஏ-வை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். பிடிப்பு கூடுதலாக இருப்பது எம்ஏ2. 650க்கு கம்பெனி சொல்வது 10டபிள்யூ-50, ஏபிஐ எஸ்என், ஜாசோ எம்ஏ2, அதுவும் செமி சிந்தெட்டிக் (சாதா ஆயிலும் செயற்கை ஆயிலும் கலந்தது). ஃபுல் சிந்தெட்டிக்கா, செமியா என்று வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் சண்டையைவிட இந்த மூன்று குறியீடுகள் முக்கியம்.

10டபிள்யூ-50 போன்ற கிரேடு விஷயத்தில் நம் ஊரில் தேவையில்லாத கவலை, டபிள்யூவுக்கு முன்னால் வரும் அந்த முதல் எண்ணைப் பற்றித்தான். 10டபிள்யூ ஆயில் குளிரில் ஸ்டார்ட் ஆக விடுமா என்பதை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள். கொடைக்கானல் குளிரெல்லாம் அதற்குக் கோடைகாலம். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9. மே மாத டிராஃபிக்கில் ஏர்கூல்டு என்ஜின் கொதிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். அதற்காக எல்லாவற்றுக்கும் 50 ஊற்றிவிடவும் கூடாது. 10டபிள்யூ-30க்கு வடிவமைத்த ஹோண்டாவுக்கு அதுதான் சரி.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் ஓட்டிய பெரியவர்கள் "நாங்க எதை ஊத்தலை?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நிஜம். அந்த வண்டியில் கியர் பாக்ஸ் தனி, கிளட்ச் இருந்த செயின்கேஸும் தனி. என்ஜினில் ஊற்றியது கிளட்சைத் தொடவே தொடாது.

கியர் பற்கள் ஆயிலை இடைவிடாமல் நசுக்குவதால் கெட்டித்தன்மை நாளாக ஆகக் குறையும். கியர் கடக்கென்று விழுவதும் சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் தவிப்பதும் அதனால் இருக்கலாம். ஆயில் கறுத்துவிட்டதே என்று மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். மேனுவலில் உள்ள கிலோமீட்டர், அல்லது மாதக் கணக்கு, எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றுங்கள். கூடவே ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் புதிதாகப் போடுங்கள். லெவல் பார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்து ஊற்றினால் கூடிப்போய், மிச்சம் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வந்து நிற்கும்.

அந்த 650இல் பிளேட்டுகள் கருகவில்லை. சரியான ஆயிலை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, வடித்து மறுபடி புதிதாக ஊற்றியதும் பிடிப்பு திரும்பியது. கருகியிருந்தால் பிளேட் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேனை உங்கள் கண்முன் சீல் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனில் போலி ஆயில் நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் முன் உங்கள் காலி கேனில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள்.