தகிடவில் ‘கி’யை விழுங்கினால் ஜாஸ்

பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாளை ஜூன் 21 அன்று புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். அப்படி ஒரு மாலையில் நாலு பேர் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மிருதங்கம் சொல்லித்தரும் மாமா என்னோடு வந்திருந்தார். சாக்ஸபோனை அவர் கவனிக்கவே இல்லை. டிரம்ஸ்காரரின் வலது கையையே பார்த்தபடி தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று திரும்பி, “டேய், இது திஸ்ரம்டா. தகிட, தகிட. நடுவுல இருக்கிற ‘கி’யை மட்டும் முழுங்கிடறாங்க” என்றார். திஸ்ரம் என்றால் ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும் நடை.

ஜாஸில் ‘ஸ்விங்’ என்று சொல்வதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நீங்களே செய்து பாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ‘தகிட’ என்று சொல்லிக்கொண்டே வந்து, பிறகு ‘கி’ வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘த…ட த…ட’ என்று முதல் ஒலி நீண்டும் அடுத்தது குறுகியும் ஆடி ஆடி வரும். டிரம்ஸ்காரர் குச்சியால் தட்டும் ரைடு சிம்பல் என்ற உலோக வட்டில் கேட்கும் ‘டிங், டிங்…க டிங், டிங்…க’ இதுதான். எழுதிய இசைத்தாளில் இரண்டு ஸ்வரமும் சம நீளமாகவே இருக்கும். நீட்டிக் குறுக்குவது வாசிப்பவரின் பொறுப்பு.

நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லி விநாடி. நீளம் சுமார் 333, குறுகல் 167. ஆனால் இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு எல்லா வேகத்துக்கும் நிற்காது. டிரம்ஸ் பதிவுகளை அளந்து பார்த்தபோது, வேகம் கூடினாலும் குறுகிய ஒலி சுமார் 100 மில்லி விநாடிக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை என்று தெரிந்தது. நிமிடத்துக்கு 300 தட்டு ஓடும்போது ஒரு தட்டே 200 மில்லி விநாடிதான். அப்புறம் நீளம் ஏது, குறுகல் ஏது? இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 450-க்கும் மேற்பட்ட ஜாஸ் தனி வாசிப்புகளை (சோலோ) அலசி 2022-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தட்டின் மேலேயே விழ வேண்டிய ஸ்வரத்தைத் தனி வாசிப்பவர் ஒரு பொடி தாமதமாக வாசிக்கிறார். இடையில் வரும் குறுகிய ஸ்வரத்தை டிரம்ஸோடு சேர்த்துவிடுகிறார். அந்தத் தாமதம் சுமார் 30 மில்லி விநாடி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இந்தத் தாமதத்தைச் சேர்த்துப் போட்டுக் காட்டியபோது, ஸ்விங் கூடுகிறது என்று தேர்ந்த கலைஞர்களே சொன்னார்கள். எதனால் என்று மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை.

கைதட்டும் இடமும் வேறு. நாம் சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில் தட்டிப் பழகியவர்கள். ஜாஸில் 2, 4 எண்ணிக்கைகளில் தட்ட வேண்டும். டிரம்ஸ்காரர் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலைக் காலால் மூடும் ‘ச்சிக்’ ஒலி அங்கேதான் விழும். மாமாவுக்கு அது வசப்படப் பத்து நிமிடம் பிடித்தது.

கடைசியில் சாக்ஸபோனும் டிரம்ஸும் நாலு நாலு பார் மாற்றி மாற்றி வாசித்தன. இதற்கு ‘டிரேடிங் ஃபோர்ஸ்’ என்று பெயர். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை; நாலு பார் என்பது 16 எண்ணிக்கை, ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று. இதை மாமாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கடத்தோடு மாறி மாறி வாசித்த கை அல்லவா, ஒவ்வொரு முறையும் டிரம்ஸ் முடிக்கும் இடத்தில் “சபாஷ்” என்று சரியாகப் போட்டார்.