அந்தக் குருவி உங்களைப் பார்க்க வரவில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும். கேமரன் மலையில், பிரிஞ்சாங் உச்சிக்கு ஏறும் ரோட்டில், தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் வரும் ஒரு வளைவில் வேனை நிறுத்தினேன். ரோட்டோர மண்கரையில், பாசிக்கு நடுவே ஒரு நில்தவாக் குருவியின் கூடு இருந்தது. இரண்டு வாரமாக எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. கூட்டுக்கு முன்னால் திரை போட்டதுபோல் தொங்கிக்கொண்டிருந்த பெரணிச் செடிகளை யாரோ நறுக்கிப் போட்டிருந்தார்கள். இலைகள் வாடக்கூட இல்லை. ஈர மண்ணில் கேமரா முக்காலி ஊன்றிய மூன்று குழிகள். கூட்டுக்குள் இரண்டு முட்டைகள். தொட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, முட்டை ஓட்டின்மேல் பனி முத்து முத்தாகப் பூத்திருந்தது. தாய் உட்கார்ந்திருந்த முட்டையில் பனி பூக்காது.

ஒரு கூடு என்றால் மனதுக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பேன். இந்த சீசனில் இப்படி நான் பார்ப்பது இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரிங்லெட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பதினாறு வருடமாகப் பறவை பார்க்க வருகிறவர்களை மேலே அழைத்துப் போவதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் வந்தவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். இப்போது கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் நம் பிள்ளைகள் பெரிய லென்ஸோடு வருகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். அதனால்தான் கோபமும் கூடுதலாக வருகிறது.

அன்றைக்கே ரிங்லெட் கடைத்தெருவில் தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பியிடம் பேசினேன். கூட்டைக் கெடுத்தவர் அவர் இல்லை. ஆனால் மலைமேல் ப்ளூடூத் ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். "பாட்டுத்தானே போட்டோம் அண்ணே, கல்லா எறிஞ்சோம்? அதுவே ஆசையா பக்கத்துல வந்து பதில் பாடுச்சு லா. எங்கள அதுக்குப் பிடிச்சிருச்சு" என்றார்.

பிடிக்கவில்லை தம்பி. இதை எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஆண் குருவி பாடுவது "இந்த இடம் என்னுடையது" என்று. நீங்கள் ஸ்பீக்கரில் போடுவது அதே இனத்து இன்னொரு ஆணின் குரல். அதன் காதில் விழுவது, "இனிமேல் இந்த இடம் எனக்கு" என்று ஒருவன் வீட்டு வாசலில் நின்று கத்துவது. அது கிட்டே வருவது அவனை விரட்ட. இறக்கையை விரிக்கிறதே, கிளைக்குக் கிளை தாவுகிறதே, தொண்டை நடுங்க நடுங்கப் பாடுகிறதே, அதெல்லாம் பயமும் கோபமும். அந்தப் படத்தைப் போட்டு "எனக்காகப் போஸ் கொடுத்தது" என்று எழுதுகிறார்கள். பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். லயத்து வீட்டில் ராத்திரி சாப்பிட உட்காருகிறீர்கள். வாசலில் எவனோ "வீட்டைக் காலி பண்ணு" என்று கத்துகிறான். கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள், ஆள் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் குரல். மறுபடியும் ஆள் இல்லை. உள்ளே பிள்ளை பசியில் அழுகிறது. விடிய விடிய இப்படியே நடந்தால் அந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள்? "அஞ்சு நிமிஷம்தானே போட்டோம்" என்று எல்லாருமே சொல்கிறார்கள். அந்த ரோடு என்ன பத்து ஊருக்கா போகிறது? எல்லா வேனும் அதே வளைவுகளில்தான் நிற்கிறது. உங்கள் ஐந்து நிமிடம் முடிந்ததும் அடுத்த வேன்காரரின் ஐந்து நிமிடம் தொடங்குகிறது.

"பிடிக்கலைன்னா வேற இடத்துக்குப் பறந்து போகட்டுமே" என்பார்கள் சிலர். எங்கே போகும்? பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டருக்கு மேல். மேகம் வந்து மரத்தில் மோதி, பாசி அதை உறிஞ்சிக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறக்கும் காடு உச்சிப் பகுதியில்தான் இருக்கிறது. கீழே இறங்கினால் வெயிலும் தேயிலையும் காய்கறிக் கொட்டகைகளும்தான். இங்கே இருக்கும் மலாயன் விசிலிங் திரஷ், அதாவது விடியற்காலையில் ரோட்டோரம் இறங்கிப் பூச்சி பொறுக்கும் கருநீலப் பூங்குருவி, உலகத்திலேயே இந்த மலாய்த் தீபகற்பத்து மலைகளில் மட்டும்தான் வாழ்கிறது. மலை மயில்கோழியும் அப்படித்தான். இவற்றுக்கு மலை உச்சி ஒரு தீவு மாதிரி.

தொழில் தொடங்கிய புதிதில் நானும் ஒலி போட்டிருக்கிறேன். ஒரு சிரிப்பான் குருவி ஜோடி, நான் பொத்தானை அழுத்தினால் உடனே வரும். வந்தவர்களுக்குச் சந்தோஷம், எனக்கும் நல்ல பேர். அடுத்த வருடம் அந்த ஜோடியைக் காணவில்லை. நான்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஸ்பீக்கரைக் கையால் தொடவில்லை.

அப்புறம் எப்படிப் பார்ப்பது என்கிறீர்களா? நில்லுங்கள், அவ்வளவுதான். காலை ஆறரைக்கு ஒரு வளைவில் வேனை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். இருபது நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு இலைக்குள் ஒரு சின்ன 'ட்சிக்'. அடுத்து இன்னொன்று. எங்கள் தொழிலில் இதை 'வேவ்' என்போம், பல இனக் குருவிகள் கலந்து ஒரே கூட்டமாகக் காட்டைக் கடந்து போவது. பொன் சிலம்பன் கீழ்க் கிளையில், அதற்கு மேலே நீளவால் சிபியா, பட்டையைப் பிடித்தபடி தலைகீழாக ஒரு நட்ஹாட்ச். சில நாள் தலைக்கு இரண்டு அடி மேலேயே போகும், பைனாகுலர் தேவைப்படாது. நாலைந்து நிமிடத்தில் எல்லாம் தாண்டிவிடும், காடு மறுபடி அமைதியாகிவிடும். (பைனாகுலரில் பனி படிந்தால் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள், கண்ணாடிப் பூச்சு கீறிப்போகும். கண்ணாடிக்கென்றே ஒரு மெல்லிய துணி பையில் இருக்கட்டும்.)

கூடு கண்ணில் பட்டால் பின்னுக்கு வாருங்கள். படம் வேண்டாம். ஒரு இலையைக்கூட ஒதுக்காதீர்கள். மழை, பாம்பு, குரங்கு எல்லாவற்றிலிருந்தும் கூட்டுக்கு அந்த இலைதான் ஒரே மறைப்பு. கரையை விட்டுப் போகாமல் ஒரு குருவி வாயில் புழுவோடு கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே நகருங்கள்.

எடுத்த படத்தோடு சரியான இடத்தைப் போடாதீர்கள். தயவுசெய்து. முராய் பாத்து என்ற பாடும் குருவியைக் கூண்டில் வைத்துப் பாட விடும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்காது மெசியாவையும் அப்படிப் பிடித்து விற்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பது 2010ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் வலை போடுகிறவனுக்கு உங்கள் பதிவு ஒன்று போதும்.

பாசிமேல் மிதித்து இறங்காதீர்கள், பலகைப் பாதையிலேயே நடங்கள். ஒரு காலடி பட்ட இடம் மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குடுவைச் செடியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், கீழே வெயிலில் செத்துப்போகும். டீ-சர்ட்டோடு வந்து நடுங்காதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், மழை நனைத்தால் இன்னும் மோசம். தனியாகக் காட்டுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் பங்களாவிலிருந்து நடக்கப் போன அமெரிக்கப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சனை ராணுவம், போலீஸ், காட்டை அறிந்த ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் எல்லாரும் சேர்ந்து தேடினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.

வழிகாட்டியை அமர்த்தும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்பீக்கர் போடுவீங்களா?" போடுவேன் என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். காசு கொடுப்பது நீங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அவர் போடமாட்டார்.

நேற்று அந்த வளைவு வழியாகப் போனேன். வெட்டுப்பட்ட இடத்தில் பெரணி சுருள் சுருளாகத் துளிர்த்திருக்கிறது. கொஞ்சம் மேலே, மூங்கிலுக்குள் ஆண் நில்தவா தானாகவே பாடிக்கொண்டிருந்தது. ஜூன் முடியும்வரை அங்கே வேனை நிறுத்தமாட்டேன். வேனில் ஏறியதும் அங்கே நிறுத்தச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.