கம்பியில் சிக்கிய கரடி முடி

நெடுஞ்சாலைக்கு மேல் விலங்குகளுக்காகப் பாலம் கட்டுகிறார்களே, அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று கரடிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேலிதான் வழிகாட்டி. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் சாலையோரமாக 2.4 மீட்டர் உயரத்துக்கு வேலி ஓடுகிறது. அதை ஒட்டி நடக்கும் விலங்கு கடைசியில் பாலத்துக்கோ கீழ்ப்பாதைக்கோ வந்து சேரும். அங்கே 6 மேம்பாலங்களும் 38 கீழ்ப்பாதைகளும் உள்ளன.

சாலை விலங்குகளின் வழியை மறிக்கும் சிக்கல் மலைநாட்டில் இன்னும் கடுமையானது. செங்குத்துப் பாறையும் பனியும் தவிர்த்தால், நடக்க வசதியானது பள்ளத்தாக்குதான். சாலையும் ரயிலும் ஊரும் அங்கேயேதான் வருகின்றன.

ஆனால் கரடி சாலையைக் கடந்துவிட்டால் மட்டும் போதாது. மறுபுறம் போய் இனப்பெருக்கம் செய்தால்தான் இரு பக்கத்து மரபணுக்களும் கலக்கும். அப்படிக் கலக்கிறதா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்த விதம் எனக்கு அத்தனை பிடிக்கும். பாதையின் குறுக்கே முள்கம்பி கட்டினார்கள். கரடி குனிந்தோ தாண்டியோ போகும்போது நாலைந்து முடிகள் முள்ளில் சிக்கிக்கொள்ளும். அடர்ந்த ரோமம் என்பதால் அதற்குக் காயமில்லை. முடியின் வேரில் டிஎன்ஏ இருக்கிறது. சுற்றியுள்ள காட்டிலும் கரடிகள் முதுகு தேய்க்கும் மரங்களிலிருந்து இப்படியே முடி சேகரித்தார்கள்.

டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது கரடிக்குக் கரடி மாறும். ஒரு குட்டியிடம் 12, 15 என்ற இரு எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாயிடம் 12, 14. அப்படியானால் 15 தந்தை கொடுத்தது. பாலத்தில் முடியை விட்டுச் சென்ற ஆண் கரடியிடம் 15 இருக்கிறதா? ஓரிடத்தில் பொருந்தினால் தற்செயலாக இருக்கலாம். பார்த்த இடமெல்லாம் பொருந்தினால் தந்தை அதுதான்.

2014இல் முடிவு வெளியானது. பாதைகளைப் பயன்படுத்திய கருங்கரடிகளில் 47 சதவீதமும் கிரிஸ்லி எனப்படும் வட அமெரிக்கப் பழுப்புக் கரடிகளில் 27 சதவீதமும் குட்டிகளுக்குப் பெற்றோராகியிருந்தன. எனக்கு இது மகத்தான செய்தி.

பாலம் கட்டப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதன் பிறகு பல ஆண்டுகள் கண்காணிக்கவும் கட்டாயம் ஒதுக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில் ஆய்வை முடித்திருந்தால், கிரிஸ்லிகளுக்குப் பாலம் பயன்படவில்லை என்றே எழுதியிருப்பார்கள். அவை பாலத்துக்குப் பழக ஐந்து ஆண்டுகள் வரை ஆயின.