ஹைடு: பதுங்குமிடமா, பரணா, மறைகுடிலா?

பறவை பார்க்கப் போகிறவர்கள் 'ஹைடு' என்ற சொல்லைச் சாதாரணமாகப் புழங்குகிறார்கள். நீர்நிலையின் ஓரத்தில், பறவைகளின் கண்ணில் படாமல் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கக் கட்டிய அறைதான் அது. பெரும்பாலும் பலகைச் சுவர். கண் மட்டத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு, முழங்கை ஊன்ற ஒரு பலகை, உட்கார ஒரு பெஞ்சு.

ஆங்கிலத்தில் 'ஒளிந்துகொள்' என்னும் வினையே இங்கே பெயராகி நிற்கிறது. அதே ஒலிப்பில் விலங்கின் தோலைக் குறிக்கும் வேறொரு சொல்லும் உண்டு. இரண்டும் ஒருமுறை ஒரே இடத்தில் சந்தித்தன. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் காளைத் தோலைப் போர்த்திய ஒரு பொய்க் காளையைச் செய்து, அதன் வயிற்றுக்குள் புகுந்து பறவைகளைப் படம் எடுத்தார்கள். மேயும் மாட்டைக் கண்டு பறவை பறப்பதில்லை அல்லவா! அமெரிக்கர்கள் இதையே 'பிளைண்டு' என்பார்கள். பார்வையைத் தடுக்கும் திரை என்ற பொருளில் வாத்து வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள மின்ஸ்மியர் பறவைக் காப்பகத்துக்குப் போனால் ஹைடின் பயன் புரியும். இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படை கரையிறங்காதபடி அங்கே கடலோர நிலத்தில் நீரைப் பாய்ச்சிவிட்டார்கள். அந்தச் சதுப்பில், பிரிட்டனில் ஏறக்குறைய நூறாண்டாக நிலையாகக் கூடு கட்டாதிருந்த கோணமூக்கு உள்ளான் 1947-இல் வந்து முட்டையிட்டது. 1960-களில் மண்ணைச் சுரண்டி, திட்டுகள் வைத்து, ஆழமில்லாத உவர்நீர்க் களப்பு ஒன்றை உண்டாக்கி, அதைச் சுற்றி ஹைடுகளை அமைத்தார்கள்.

இந்த உள்ளான் குளிர்காலத்தில் நம் பழவேற்காட்டுக்கும் வரும். திறந்த கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். மறைவில் இருந்து பார்த்தால்தான் நீலம் கலந்த சாம்பல் நிறக் கால்களும், மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகும் தெரியும். கதிர் அறுப்பவர் அரிவாளை வீசுவதுபோல அந்த அலகைச் சேற்று நீரில் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பரண் என்கிறார்கள் சிலர். தினைப்புனத்துப் பரண் கிளியை விரட்டப் போட்டது. அதில் இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும், கவண் வீச வேண்டும். ஒளிய வேண்டியதே இல்லை. பறவையை விரட்டிய இடத்தின் பெயரைப் பறவை அருகே வரக் காத்திருக்கும் இடத்துக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. உயரத்தில் கட்டுவதைப் பார்வைக் கோபுரம் என்று சொல்கிறோம், அதுவும் வேறு.

பதுங்குமிடம்? புலி பதுங்குவது பாய்வதற்கு. பதுங்குவதில் பாயும் நோக்கம் இருக்கிறது. பதுங்குகுழி என்றாலோ ஈழத்தவர் காதில் குண்டுச் சத்தம் கேட்கும். ஒளிவதில் பயமோ குற்றமோ ஒட்டிக்கொள்கிறது: திருடன் ஒளிகிறான், அடிக்குப் பயந்த பிள்ளை ஒளிகிறது. மறைதலில் இந்தக் கறை எதுவும் இல்லை. சூரியன் மறைகிறது, மேகத்தில் நிலா மறைகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போவது மட்டுமே பொருள். பறவைக்குத் தீங்கு நினைக்காமல், அதன் பார்வையிலிருந்து விலகிக்கொள்கிறவருக்கு இந்த வினைதான் பொருந்தும்.

ஆகவே கூரையும் சுவரும் உள்ளதை மறைகுடில் என்போம். மறை என்றால் வேதம் அல்லவா என்று கேட்கலாம். களப்பின் கரையில் நிற்கும் குடிலை யாரும் வேதபாடசாலை என்று நினைக்கப்போவதில்லை. கூரை இல்லாமல் நாணலோ கீற்றோ வைத்துக் கட்டிய வெறும் தடுப்புக்குப் புதுச்சொல்லே வேண்டாம், தட்டி என்று வீட்டிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மறைப்புத் தட்டி போதும்.

படமெடுப்பவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மறைகுடிலுக்குள் இருவராகப் போவார்கள், ஒருவர் மட்டும் வெளியே வந்து பறவைகளின் கண்ணெதிரே நடந்து போய்விடுவார். ஆள் போய்விட்டது என்று நம்பிப் பறவைகள் மெல்லத் திரும்பி வரும். உள்ளே இருப்பவர் அதுவரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் இருப்பார்.