ஆவிக்கு ஏன் இருட்டு வேண்டும்?

வருடக் கடைசி இரவில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது சாகிறவன், அடுத்த ஓராண்டுக்கு மரணத்தின் வண்டியை ஓட்டி உயிர்களை அள்ளிவர வேண்டும். ஆங்கிலத்தில் 'த ஃபேன்டம் கேரேஜ்' என்று அறியப்படும் ஸ்வீடன் நாட்டு மௌனப்படத்தின் கதை இதுதான். செல்மா லாகர்லோஃபின் நாவலை வைத்து விக்டர் சோஸ்ட்ரோம் இயக்கி, தானே நாயகனாக நடித்தார். 1921 ஜனவரி 1 அன்று வெளியானது. நம்மூரில் அதிகம் பேசப்படாத படம். நூறு வருடம் கழித்தும் அதன் ஆவிகளைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த ஆவிகளை உண்டாக்கியது ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்சான் கையாண்ட இரட்டைப் பதிவு. முதலில் கல்லறைத் தோட்டத்தைப் படம்பிடிப்பார்கள். அந்தச் சுருளைக் கழுவாமல், கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றுவார்கள். அப்புறம் கறுப்புப் பின்னணியில் நடிகரை நிறுத்தி, அதே சுருளில் மறுபடியும் பதிவு செய்வார்கள்.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள், விழுந்த ஒளியையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகும். ஒருமுறை பதிந்த ஒளியை அழிக்க வழியில்லை. கறுப்புத் திரையிலிருந்து ஒளி வராததால் தோட்டம் அப்படியே இருக்கும். நடிகரின் உடல் மட்டும் அதன்மேல் கூடுதல் வெளிச்சமாகப் படியும். பின்னாலிருக்கும் கல்லை அந்த உடல் மறைக்காது, தரையில் நிழலும் விழாது. பார்க்கிற நம் மூளைக்கு இந்த இரண்டும் போதும், அது மனிதன் இல்லை என்று முடிவுகட்ட.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. பின்னணி பளிச்சென்று இருந்தால் துகள்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும்; வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல ஆவி காணாமல் போய்விடும். இருட்டான இடத்தில்தான் அது துலங்கும். ஆக, படம் முழுக்கப் பரவியிருக்கும் இரவு, மனநிலைக்கு மட்டுமல்ல, வேதியியலுக்கும் தேவைப்பட்டது.

சில காட்சிகளில் நான்கு அடுக்குகள் வரை பதித்திருக்கிறார்கள். கேமராவோ கையால் சுற்றுவது. ஒவ்வொரு தடவையும் ஒரே வேகம், ஒரே தொடக்கப் புள்ளி. எங்காவது பிசகினால் முந்தைய பதிவுகளும் சேர்ந்து வீண்.

நாயகன் தன் பிணத்திலிருந்தே எழுந்து உட்காரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கிடப்பவரும் சோஸ்ட்ரோம், எழுபவரும் அவரே. ஒரு பதிவில் அசையாமல் கிடந்து, இன்னொன்றில் அதே இடத்தில் அதே கிடையிலிருந்து எழுந்திருக்கிறார்.