‘கசடுக் குழி’யா, ‘கிட்டக் குழி’யா?

இங்கிலாந்தில் பெக்ஸ்ஹில், ஹேஸ்டிங்ஸ் ஊர்களை இணைக்கும் சாலை 2015 இறுதியில் திறக்கப்பட்டது. சாலை போடுமுன் அந்த வழித்தடத்தை அகழ்ந்தபோது ரோமர் காலத்து இரும்பு உலைகள் வெளிப்பட்டன. இதுபோன்ற அகழாய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஸ்லாக்’ (slag; தாதிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும்போது உருகி ஒதுங்கும் மிச்சம்) என்று வந்ததும் ‘கசடு’ என்று போட்டுவிடுகிறார்கள். அது நிரம்பிய குழி ‘கசடுக் குழி’ ஆகிவிடுகிறது. ‘மலக்கசடு மேலாண்மை’ என்ற நகராட்சி அறிவிப்பைப் படித்துப் பழகியவர் மனத்தில் இச்சொல் கழிவுநீர்த் தொட்டியைத்தான் கொண்டுவரும்.

ஸ்லாக் வட ஜெர்மனியின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்; ‘அடித்தல்’ என்பதோடு உறவுடையது. தமிழில் அதற்குக் ‘கிட்டம்’ என்ற சொல் உண்டு, சிட்டம் என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவத்தின் மண்டூரம் நெடுங்காலம் மண்ணில் கிடந்த இரும்புக் கிட்டமே. சொல் வழக்கொழியவும் இல்லை.

கசடு என்பது அடியில் தங்குவது. எண்ணெய் ஜாடியின் அடியில் படியும் கசண்டு அதுதான். ‘கற்க கசடற’ என்னும்போது குற்றம், மாசு. உலைக்குள் நடப்பதோ முற்றிலும் வேறு. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். அந்த மண் உலைகளில் சூடு 1200-ஐ ஒட்டியே இருந்தது. ஆகவே இரும்பு உருகாமல், பொத்தல் பொத்தலான கட்டியாக உள்ளேயே திரண்டது. தாதிலிருந்த மணற்சத்து இரும்பு ஆக்சைடில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டு உருகி ஓடியது. உருகியது இரும்பல்ல, கிட்டம்! (இவற்றை ‘உருக்கு உலை’ என்பதும் இதனாலேயே பிழை. உருக்கு நமக்கு எஃகு. அது மூசை என்ற மண்கலத்தில் உருகி வந்தது.)

ஆறிய கிட்டத்தைக் கையில் எடுத்தால் கல்லைவிடக் கனக்கும். உடைத்த முகம் கருத்து மினுங்கும். ஹேஸ்டிங்ஸ் அருகே போபோர்ட் பார்க்கில் ரோமர் விட்டுப்போன கிட்டமேடு சுமார் 1,00,000 டன் என்று மதிப்பிடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அதை வண்டி வண்டியாக வெட்டிச் சாலைக்கு ஜல்லியாகப் போட்டார்கள். ரோமரும் அவ்வட்டாரச் சாலைகளை இதைக் கொண்டே இறுக்கினார்கள். கசடைக் கொட்டிச் சாலை போட முடியுமா?

‘கிட்டம் வடசொல், கசடு தனித்தமிழ்’ என்பது எதிர்வாதம். வடமொழியில் கிட்ட உண்டு, சரி. ஆனால் மலையாளத்தில் கிட்டம், கன்னடத்தில் கிட்ட, தெலுங்கில் சிட்டெமு. நம் கெடு தெலுங்கில் செடு, நம் கிளி அங்கே சிலுக, அதே ஒலிமாற்றம். இவ்வளவு வேரோடிய சொல்லை இரவல் என்று தள்ளுவது அவசரம். இரவலே ஆனாலும், தெளிவான சொல்லை விட்டுக் குழப்பும் சொல்லைத் தூய்மையின் பேரால் பிடித்துக்கொள்வதில் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை.

அகழாய்வுக் களத்தில் இது வெறும் சொற்சண்டை அன்று. குழியில் பாதியை மட்டும் வெட்டி, நிரம்பியிருக்கும் மண்ணடுக்குகளை வரைந்துகொண்ட பிறகே மறுபாதியைத் தொடுவார்கள். கிடைத்த கிட்டத்தை வகை பிரித்து எடை போடுவார்கள். உலைவாய் வழியே வெளியே வழிந்தது ஓடுகிட்டம். மேற்பரப்பு பாகு வழிந்ததுபோல் கயிறு கயிறாக மடிந்திருக்கும். உலையடியில் உறைந்தது அடிக்கிட்டம். கொல்லன் பட்டறை உலையில் சேர்வது கொல்லுலைக் கிட்டம். பெரும்பாலும் மேலே தட்டையாக, அடியில் கிண்ணம்போல் குவிந்திருக்கும். முதல் இரண்டும் தாதிலிருந்து இரும்பு பிரித்த இடத்தைக் காட்டும். மூன்றாவது இரும்பை அடித்து வேலை செய்த இடத்தைக் காட்டும். எல்லாவற்றையும் ‘கசடு’ என்று ஒரே பையில் கட்டினால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும். சாலை போட்டபின் திரும்பத் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை.

பட்டறைத் தரை மண்ணில் காந்தத்தை ஓட்டினால் ஒட்டிவரும் ஓரிரு மில்லிமீட்டர் தகடுகளுக்கு மட்டும் கிட்டம் என்ற பெயர் ஆகாது. காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது உரியும் மேல்தோல் அது. அதைச் செதில் என்றே எழுதலாம்.