ராப் பாடலில் பேசும் 'நான்' யார்?

காவல் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்ற கதையை ஒருவன் தன் வாயாலேயே சொல்வதாக அமைந்த பாடல் ஒன்றை, கிங்ஸ்டன் ட்ரையோ என்ற வெள்ளையர் குழு 1960இல் பாடியது. அமெரிக்கா அதை வேடிக்கைப் பாட்டாகக் கேட்டுவிட்டுக் கடந்து போனது. 1990களில் கேரி ஃப்ரைட் என்ற உளவியலாளர் அதே பாடலின் வரிகளைத் தாளில் அச்சிட்டு, ராப் பாடல் என்று சிலரிடமும் கன்ட்ரி பாடல் என்று வேறு சிலரிடமும் சொல்லிப் படிக்கக் கொடுத்தார். ராப் கருப்பின மக்களின் இசையாகவும் கன்ட்ரி வெள்ளையரின் கிராமிய இசையாகவும் அறியப்படுபவை. வரிகளில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆயினும் ராப் என்று நம்பிப் படித்தவர்களுக்கு அவ்வரிகள் அதிக ஆபத்தானவையாகத் தெரிந்தன. 2016இல் வேறு ஆய்வாளர்கள் இத்தகைய சோதனையைத் திரும்பச் செய்தபோது இன்னொரு போக்கும் வெளிப்பட்டது. ராப் என்ற பெயரைக் கேட்டதுமே, நடந்ததை நடந்தபடி சொல்லும் வரிகளாக அவற்றை எடுத்துக்கொள்ள வாசகர்கள் முற்பட்டார்கள்.

ராப் பாடல் கருப்பின மக்களின் தெருவையும் வறுமையையும் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த வழியாகக் காட்டுகிறது, வழியில் எதெல்லாம் வடிகட்டப்படுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல், அதைச் செய்தியாகவோ வாக்குமூலமாகவோ கேட்பவர்கள் தவறான இடத்தில் உண்மையைத் தேடுகிறார்கள்.

முதலில் அந்தத் தெருவைப் பார்ப்போம். 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வீட்டுக்கடன் வரைபடங்களைத் தயாரித்தபோது, கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பூசப்பட்டு, கடன் கொடுக்க ஆபத்தான இடங்களாகக் குறிக்கப்பட்டன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியை, அதன் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு சென்ற விரைவுச்சாலை ஒன்று பிளந்தது. பின்னர் தொழிற்சாலைகள் வெளியேறின; வாடகை வராத கட்டடங்கள் எரிந்தன; 1975இல் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்தது. 1970க்கும் 1980க்கும் இடையே பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்புப் பகுதிகள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் தம் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் இழந்தன. பாடல்களில் வரும் உடைந்த சன்னல்களுக்கும் காலி மனைகளுக்கும் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

அந்த இடிபாடுகளின் நடுவில்தான், 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொது அறையில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் தம் தங்கை ஏற்பாடு செய்த நடன விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் ஆட்டம் சூடேறுவதைக் கவனித்திருந்த அவர், பின்னர் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழலிகளில் வைத்து அந்த நொடிகளை மாற்றி மாற்றி நீட்டும் முறையை உருவாக்கினார். அந்தத் தாளத்தின் மேல் பேசப்பட்ட பேச்சே ராப். அதில் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் வறுமை பெரிதாக இடம்பெறவில்லை. கொண்டாட்டமும் சவடாலும்தான் இருந்தன. எரிந்துகொண்டிருந்த தெருவில் நின்றவர்கள் எரிவதைப் பற்றிப் பாட விரும்பவில்லை. வீட்டில் இருப்பதை விருந்திலும் எதற்குக் கேட்க வேண்டும் என்ற அவர்களது எண்ணத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' இந்த வழக்கத்தை மாற்றியது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ் என்ற பிராங்க்ஸ் குழுவின் பெயரில் அது வந்தாலும், அதன் பெரும்பகுதியை எழுதியவர் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியைச் சேர்ந்த, கல்லூரிப் படிப்பு முடித்த எட் ஃப்ளெட்சர் என்ற ஸ்டுடியோ இசைக்கலைஞர். குழுவினர் அதைப் பாடத் தயங்கினார்கள். சுகர் ஹில் என்ற இசைப்பதிவு நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன் விடாப்பிடியாக நின்றதால்தான் பதிவு நடந்தது. குழுவிலிருந்து முதன்மையாக ஒலித்த குரல் மெலி மெல் என்பவருடையது மட்டுமே. வறுமையில் பிறந்து சிறையில் முடியும் சிறுவனைப் பற்றிய அதன் கடைசிப் பகுதியோ, 1979இல் அவர்களே பாடிய ஒரு விருந்துப் பாட்டின் நடுவிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. தெருவின் நேரடிக் குரலாக உலகம் கேட்ட முதல் பெரும் பாடல், இப்படி வெட்டி ஒட்டிச் செய்யப்பட்ட ஒன்று. அதனால் அது பொய்யாகிவிடவில்லை. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலுக்கு முதல் ஆண்டிலேயே அதைத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பாடல் அன்றைய நடனப் பாடல்களைவிட மெதுவானது. வேகம் குறைந்ததும் சொற்கள் தெளிவாகக் கேட்டன. ராப் ஏன் விவரணைக்கு இவ்வளவு ஏற்ற வடிவம் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நிமிடத்துக்கு 90 அடி விழும் தாளத்தில், 'பார்' எனப்படும் நான்கு அடிச் சுற்று 2.67 நொடி நீளும். ஒவ்வோர் அடியையும் நான்காகப் பகுத்தால் ஒரு சுற்றில் 16 இடங்கள் கிடைக்கும்; வழக்கமான ஒரு பகுதிக்கு 16 சுற்றுகள் என்பதால், 43 நொடிக்குள் ஓர் அசை உட்காரக்கூடிய 256 இடங்கள் அமைகின்றன. எல்லா இடத்தையும் யாரும் நிரப்புவதில்லை என்றாலும், நூறு சொற்களுக்கு மேல் தாராளமாகக் கொள்ளும். இராகத்தை நீட்டிப் பாடும் பாடகர் அதே நேரத்தில் நாலைந்து வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 'நான் ஏழை' என்று சொல்ல இராகம் போதும். அணைந்துபோன வீட்டுச் சூடேற்றி, இரவு உணவாகும் டின் மீன், வாடகை கேட்டு நிற்கும் வீட்டுக்காரர் என்று பொருள் பொருளாக அடுக்குவதற்கு இத்தனை இடங்கள் தேவை.

பொருள்களை அடுக்குவதில் தேர்ந்தவர் நாஸ் என்ற ராப் பாடகர். அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ், நியூயார்க் நகரின் பொதுக் குடியிருப்புகளில் மிகப் பெரியது: 96 கட்டடங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், செலவைக் குறைக்க ஒற்றைப்படைத் தளங்களில் மட்டுமே நிற்கும்படி லிஃப்ட் அமைத்த இடம். 1994இல், இருபது வயதில், அவர் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை வருகிறது. வழக்கமான பாடலில் நாயகன் வெல்வான். இங்கே துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. உள்ளே மூன்று தோட்டாக்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கின்றன. தப்பித்துத் தன் கட்டடத்தின் முகப்புக் கூடத்துக்குள் ஓடினால், அங்கே குழந்தைகள் நிறைந்திருக்கிறார்கள். அந்தச் சண்டை நடந்ததா என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விளையாட வேறு இடமில்லாத குழந்தைகள் கூடத்தில் இருப்பார்கள் என்பது அங்கே வாழ்ந்தவருக்கு மட்டும் கேட்காமலே தெரிந்திருக்கும். கதையைப் புனையலாம், இந்தக் குழந்தைகளைப் புனைவது கடினம்.

சொற்களுக்கு அடியில் ஒலிக்கும் தாளமும் இதே வேலையைச் செய்தது, பாதி தற்செயலாக. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற கருவி பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளைப் பதிந்து திருப்பி ஒலிக்கும். ஆனால் அதன் நினைவகத்தில் மொத்தம் பத்து நொடி ஒலிதான் அடங்கும். அதனால் தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 33 சுற்றுக்கான தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு வேகமாகப் பதிந்துகொண்டு, பிறகு கருவிக்குள் அதை இழுத்து மெதுவாக்கினார்கள். பத்து நொடிக்குள் பதிமூன்றரை நொடி இசை அடங்கியது. நொடிக்கு 26,040 ஒலி மாதிரிகளும் 12 பிட் துல்லியமும் மட்டுமே கொண்ட அக்கருவியில், 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மை பிடிபடாது. மெதுவாக்கும்போது சொரசொரப்பு இன்னும் கூடும். சிக்கனத்தால் விளைந்த அந்தக் கரகரப்பையே கேட்பவர்கள் தெருவின் தூசியாகவும் புகையாகவும் உணர்ந்தார்கள். நினைவகம் மலிந்த பின்னும் சிலர் அந்தக் குறையை விரும்பித் தேடியது அதனால்தான்.

இனி அந்த 'நான்'. சங்க அகப்பாடலில் கபிலர் 'என் தோழி' என்று தலைவியின் வாயால் பேசும்போது, கபிலருக்குத் தோழி யார் என்று நாம் தேடுவதில்லை. கூற்று யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. கருப்பின அமெரிக்கரின் வாய்மொழி மரபிலும் இப்படியொரு கூற்று உண்டு. 1895 கிறிஸ்துமஸ் அன்று செயின்ட் லூயிஸ் நகர மதுக்கடையில் லீ ஷெல்டன் என்பவர் செய்த கொலை, ஸ்டாகர் லீ என்ற அச்சமற்ற முரடனின் கதையாக நூறாண்டுகள் பாடப்பட்டது. தன்மையில் பேசி, கேட்போரை மலைக்க வைக்கும் நீண்ட வாய்ப்பாட்டுகளிலும் இத்தகைய முரடன் வருவான். ராப்பின் முரடன் இந்தக் குடும்பத்தின் வாரிசு.

ஆனால் இலக்கிய மரபு மட்டுமே காரணம் என்றால் பாதிதான் சொன்னதாகும். காவல்துறையை நம்ப முடியாத இடத்தில் ஒருவருக்குக் கவசமாவது அவரைப் பற்றிய பேச்சுதான் என்று ஃபிலடெல்ஃபியாவின் தெருக்களில் ஆய்வு செய்த சமூகவியலாளர் எலைஜா ஆண்டர்சன் விளக்கினார்; தொட்டால் திருப்பி அடிப்பவன் என்று பெயரெடுத்தவனை யாரும் தொடமாட்டார்கள். இதைப் பின்பற்றி ஆய்வாளர் சாரிஸ் குப்ரின் 1992 முதல் 2000 வரை பெருவிற்பனையான ராப் ஆல்பங்களின் 403 பாடல்களை வகைப்படுத்தியபோது, மிக அதிகமாக, 68 சதவீதப் பாடல்களில், வெளிப்பட்டது மரியாதை பற்றிய பேச்சு. வன்முறை 65 சதவீதத்தோடு அடுத்து வந்தது. ஆகவே தெருவே ஏற்கெனவே ஒரு மேடை. அங்கே இளைஞர்கள் பாதுகாப்புக்காக அணியும் முகமூடியைப் பாடல் எடுத்து ஒலிபெருக்கியில் வைக்கிறது. முகத்தைக் காட்டுவதாகக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் காம்ப்டன் பகுதிப் பெயரோடு 1988இல் புகழ்பெற்ற என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவில், மிகக் கடுமையான வரிகள் பலவற்றை எழுதிய ஐஸ் கியூப், அதற்குச் சற்று முன்புதான் அரிசோனாவில் கட்டட வரைவுப் படிப்பு முடித்துத் திரும்பியிருந்தார். அவர் தாய் மருத்துவமனை எழுத்தர்.  ஆனால் மருத்துவமனை எழுத்தர்கள் அக்குழுவின் பாடல்களில் இல்லை. காலையில் பேருந்து பிடிக்கும் பெண்களும் அரிதாகவே வருகிறார்கள். தெரு முனையில் நிற்கும் இளைஞனின் கண் மட்டத்தில் வைத்த கேமரா அது. ராப்பின் வறுமைச் சித்திரத்தில் எனக்குப் பெரும் குறையாகப் படுவது வன்முறையைவிட இந்த விடுபடல்தான்.

விடுபட்டதற்குக் கவிஞர்கள் மட்டும் பொறுப்பல்ல. 1991 மே வரை அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியல், கடைக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டுத் தொகுக்கப்பட்டது. அதன்பின் கடைகளின் பார்கோடு பதிவுகளிலிருந்து எண்ணப்பட்டது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பம் இரண்டாம் இடத்தில் நுழைந்து, மறுவாரம் முதலிடம் பிடித்தது. அளவுகோல் மாறியதும், முரடனின் கூற்றை நாடே வாங்குகிறது என்பது நிறுவனங்களுக்கு எண்ணிக்கையாகத் தெரிந்தது. பின்னர் சிகாகோவில் பிறந்த ட்ரில் என்ற வகையில் நிறுவனத்தின் இடத்தை இணையம் எடுத்துக்கொண்டது. அந்த இளைஞர்களோடு பழகி ஆய்ந்த சமூகவியலாளர் ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட், அவர்கள் காட்டிய வன்முறையில் பெரும்பகுதி மிகை என்றும், பார்வையாளர் எண்ணிக்கைதான் அவர்களுக்கு எட்டக்கூடியதாகத் தெரிந்த பிழைப்புவழி என்றும் 2020இல் எழுதினார். மிகையை மெய்யென்று எடுத்துக்கொண்ட எதிர்க் குழுக்களும் காவல்துறையும்தான் அதன் விலையை வசூலித்தன.

நீதிமன்றங்கள் வெகுகாலம் அப்படியே எடுத்துக்கொண்டன. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு கொலைமுயற்சி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிய பக்கக்கணக்கான ராப் வரிகளை நடுவர் குழுவுக்குப் படித்துக் காட்டியது தவறு என்று தீர்ப்பளித்தது. ஷெரீஃப் என்ற காவல் அதிகாரியைச் சுட்டதாகப் பாடிய ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி உண்மையில் சுட்டார் என்று யாரும் கருதுவதில்லையே என்று நீதிபதிகள் கேட்டார்கள். 2022இல் கலிஃபோர்னியா இதற்கென ஒரு சட்டமே இயற்றியது. படைப்பு வரிகளைச் சாட்சியமாக ஏற்குமுன், ராப் போன்ற வடிவங்களின் மரபைப் பற்றிய நிபுணர் விளக்கத்தையும், இத்தகைய சாட்சியம் இனச்சார்பைத் தூண்டுவதைக் காட்டும் சோதனைகளையும், அவை முன்வைக்கப்பட்டால், நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும். வரிகளுக்குச் சாட்சிய மதிப்பு குறைவு என்றே தொடங்க வேண்டும். குற்றம் நடந்த காலத்தையொட்டி எழுதப்பட்டிருந்தால், அதனோடு போதிய ஒப்புமை இருந்தால், அல்லது பொதுவெளியில் வேறு வழியில் தெரியவராத நுண்விவரம் அவற்றில் இருந்தால்தான் மதிப்பு கூடும்.